டெல்ஃபி: குறி கேட்க வந்தவர்கள் ஏறிய வழியில் ஒன்றரை நாள்

பழங்காலக் கிரேக்கர்கள் அப்பொல்லோ தெய்வத்திடம் குறி கேட்ட மலைக்கோயில் இருக்கும் டெல்ஃபிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் ஏதென்ஸிலிருந்து காலையில் சுற்றுலாப் பேருந்து ஏறி, உச்சி வெயிலில் ஒன்றரை மணி நேரம் கல்லைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். தூணும் தாகமும்தான் ஞாபகத்தில் நின்றன. இரண்டாம் தடவை அந்தச் சின்ன ஊரிலேயே ராத்திரி தங்கி, அந்தக் காலத்தில் கேள்வியோடு வந்தவர்கள் எந்த வரிசையில் ஏறியிருப்பார்களோ அந்த வரிசையில் கீழிருந்து மேலே போனேன். அதே கற்கள்தான். ஆனால் எது எதற்குப் பக்கத்தில், ஏன் நிற்கிறது என்பது அப்போதுதான் பிடிபட்டது. கீழே இருப்பது அந்த இரண்டாம் பயணத்தின் வரிசை.

கிளம்பும் முன்: இடம் மாறிய ஊர்

நீங்கள் தங்கப்போகும் டெல்ஃபி ஊருக்கு வயது நூற்று முப்பது சொச்சம்தான். அதற்கு முன் ஊரின் பெயர் காஸ்த்ரி. அது இருந்த இடம் இப்போதைய இடமல்ல. அப்பொல்லோ கோயிலின் தலைமேலேயே இருந்தது. கோயில் தூணின் கல் வீட்டுச் சுவருக்குள், கல்வெட்டுச் சுவர் தொழுவத்துக்குள். ஆராய்ச்சியாளர்கள் யார் வந்தாலும் ஊர்க்காரர்களின் வீட்டைச் சுற்றிச் சுற்றித்தான் பார்க்க முடிந்தது.

ஏதென்ஸில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்குத் தோண்ட அனுமதி கிடைக்கும் முன் பேச்சுவார்த்தை பத்து வருடம் இழுத்தது. கிரேக்க உலர்திராட்சைக்கு பிரான்ஸ் எவ்வளவு வரி போடுவது என்ற பேரமும் நடுவில் புகுந்துகொண்டது. கடைசியில் 1891-ல் ஒப்பந்தம் ஆனது. பிரான்ஸ் நாடாளுமன்றம் 5 லட்சம் ஃப்ராங்க் ஒதுக்கியது. அந்தப் பணத்தில் காஸ்த்ரி வீடுகளை வாங்கி இடித்து, மேற்கே கொஞ்சம் தள்ளிப் புது ஊர் கட்டிக்கொடுப்பது என்று ஏற்பாடு. 1892-ல் தியோஃபில் ஒமோல் தலைமையில் வேலை தொடங்கியபோது, நஷ்டஈட்டுப் பணம் கைக்கு வரவில்லை என்று ஊர்க்காரர்கள் மறித்தார்கள். படைவீரர்களைக் காவலுக்கு நிறுத்திய பிறகுதான் மண்வெட்டி விழுந்தது. சின்னத் தண்டவாளம் போட்டு வண்டி வண்டியாக மண்ணை அகற்றினார்கள். 1903-ல் பெரிய அகழாய்வு முடிந்து அருங்காட்சியகம் திறந்தது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. சரிவில் நடக்கும்போது 'இவ்வளவு வெறிச்சென்று இருக்கிறதே' என்று தோன்றும். அந்த வெறுமை செய்யப்பட்டது. அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

போய்ச் சேர்வது

ஏதென்ஸிலிருந்து தூரம் சுமார் 180 கிலோமீட்டர். 'க்டெல்' என்ற வெளியூர்ப் பேருந்து லிவாதியா, அராஹோவா வழியாகப் போகிறது. ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான், அதுவும் பருவத்துக்குப் பருவம் நேரம் மாறும். இறங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம் திரும்பும் வண்டியின் நேரத்தைக் கேட்டு, டிக்கெட்டையும் எடுத்துவிடுவது. நான் அதைத் தள்ளிப்போட்டு, கடைசி வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

போகும்போது இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். அராஹோவா தாண்டியதும் அந்தப் பக்கம் பிளைஸ்தோஸ் பள்ளத்தாக்கு திறக்கும். ஊருக்குச் சற்று முன்னால் சாலைக்குக் கீழே மூன்று தூண்கள் வட்டமாக நிற்பது ஒரு நொடி தெரியும். நாளை பார்க்கப்போவதில்லை, இன்றே பார்க்கப்போகிறோம்.

பெயர்ப்பலகையில் இருப்பதை உள்ளூர்க்காரர்கள் 'தெல்ஃபி' என்கிறார்கள். முதல் எழுத்து, நாம் 'அது' என்னும்போது வரும் து போல மென்மையாக இருக்கும். வழி கேட்க இது உதவும்.

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் போக நேர்ந்தால் கார்ல் ஓட்ஃப்ரீட் முல்லரை நினைத்துக்கொள்ளுங்கள். 1840 கோடையில் இங்கே வெயிலில் நின்று கல்வெட்டுகளைப் பார்த்து எழுதிய ஜெர்மன் அறிஞர். காய்ச்சல் கண்டு, ஏதென்ஸுக்குக் கொண்டுபோன இடத்தில் ஆகஸ்ட் 1 அன்று இறந்துவிட்டார். தொப்பி, தண்ணீர், வழுக்காத செருப்பு மூன்றும் கட்டாயம். பளிங்குப் படி காலடி பட்டுப் பட்டுக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. நுழைவுக் கட்டணமும் திறக்கும் நேரமும் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகத்தின் தளத்தில் போகும் வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் பிற்பகலிலேயே மூடிவிடுவார்கள்.

தங்கும் ஊர்

மலைச்சரிவில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று தெருக்கள், அவற்றை இணைக்கும் படிக்கட்டுகள். ஊர் அவ்வளவுதான். தெற்குப் பக்கம் பார்த்த அறை வேண்டும் என்று கேளுங்கள். கீழே ஒலிவ மரக்காடு கடல்வரை இறங்குவதும், இத்தேயா விரிகுடா மினுங்குவதும் தெரியும். வடக்குப் பக்க அறை என்றால் அடுத்த வீட்டுச் சுவர்.

சாப்பாட்டில் ஒன்று விடக்கூடாது: 'ஃபோர்மேலா' என்ற அராஹோவாப் பாலாடைக்கட்டி. சுட்டு, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'நிஸ்திசிமா' என்று கேட்டுப் பழகிக்கொள்ளலாம். அது நோன்பு உணவு. இறைச்சி, முட்டை, பால் இருக்காது. ஆனால் கணவாய், ஆக்டோபஸ் எல்லாம் அவர்கள் கணக்கில் நோன்புக்கு ஆகும். ஆகவே இன்னொரு தடவை கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியில் வேகவைத்த 'கிகாந்தெஸ்' பெரும்பாலும் பயமில்லாதது.

முதல் நாள் பிற்பகல்: மர்மாரியா

நான்கு மணி வாக்கில் கிளம்புங்கள். ஊரிலிருந்து கிழக்கே சாலையோரமாக நடந்தால் முதலில் அருங்காட்சியகம், அப்புறம் அப்பொல்லோ கோயில் வளாகத்தின் சுவர். இரண்டையும் எட்டிப் பார்க்காமல் தாண்டிப் போங்கள். அதற்குக் கொஞ்சம் மனக்கட்டுப்பாடு வேண்டும். சாலை வளைவில் கஸ்தாலியா ஊற்று. அதையும் தாண்டினால் சாலைக்குக் கீழே அதீனா ப்ரொனாயாவின் கோயில் வெளி. 'ப்ரொனாயா' என்றால் கோயிலுக்கு முன்னால் இருப்பவள். கிழக்கிலிருந்து வந்த யாத்திரிகர்களுக்கு முதலில் தென்பட்டது இவள் சன்னிதிதான். பிற்காலத்தில் பளிங்கு எடுக்கும் இடமாகவே இது ஆகிப்போனதால் மக்கள் வைத்த பெயர் மர்மாரியா, பளிங்குத்தரை.

பேருந்து ஜன்னலில் பார்த்த மூன்று தூண்கள் இங்கே. கி.மு. 380-க்கும் 370-க்கும் இடையில் எழுந்த வட்ட மண்டபம், கிரேக்கத்தில் 'தோலோஸ்'. வெளியே 20 தூண்கள் இருந்தன. 1938-ல் மூன்றைத்தான் நிமிர்த்தினார்கள். ஃபொக்காயா ஊர்த் தியோதோரஸ் என்ற கட்டிடக்கலைஞர் இந்த மண்டபத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதினார்; நூல் போய்விட்டது. எதற்காக வட்டமாகக் கட்டினார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இன்றுவரை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தூணின் அடியைப் பாருங்கள். ஒரே தூணில் பளிச்சென்ற துண்டும் பழுப்பேறிய துண்டும் மாறி மாறி வரும். பழுப்புதான் பழசு; வெள்ளை, நவீன ஒட்டு.

தோலோஸை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். கிழக்கு ஓரத்தில் அதீனாவின் பழைய கோயில் கிடக்கிறது. அகழாய்வில் வெளிவந்தபோது அதன் 15 தூண்கள் நின்றுகொண்டிருந்தன. 1905-ல் மலையிலிருந்து பாறைகள் உருண்டு வந்து பெரும்பாலானவற்றை நொறுக்கிவிட்டன. இரண்டாயிரத்து நானூறு வருடம் நின்றது, மண்ணை விலக்கிய சில வருடத்தில் விழுந்தது. இதே இடத்தில்தான், கி.மு. 480-ல் பாரசீகப் படை கொள்ளையடிக்க வந்தபோது பர்னாஸோஸ் மலையிலிருந்து இரண்டு பாறைகள் பிய்ந்து வந்து வீரர்களை நசுக்கின என்று பழங்கால வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அந்தப் பாறைகள் தன் காலத்திலும் அங்கேயே கிடந்தன என்றும் சொல்கிறார். நிமிர்ந்து பார்த்தால் ஃபைத்ரியாதெஸ் என்ற செங்குத்துப் பாறைகள் தலைக்குமேல். கதையை நம்பலாமா என்று யோசிக்கத் தோன்றாது. இடத்தைவிட்டு இரண்டடி தள்ளி நிற்கத்தான் தோன்றும்.

திரும்பும் வழியில் உடற்பயிற்சிக்கூடம். மழைக்காலத்தில் ஓட மேற்கூரையிட்ட தடம் ஒன்று, வெயில் நாளுக்குத் திறந்த தடம் ஒன்று, குளிக்க வட்டத் தொட்டி. அகழாய்வுக்கு முன் இதன்மேல் ஒரு மடாலயம் இருந்தது. 1809-ல் வந்த கவிஞர் பைரன் இங்கே ஒரு தூணில் தன் பெயரைக் கீறிவிட்டுப் போனார். பெரிய கவிஞர், பழக்கம் நம் ஊர் மலைக்கோட்டைக் காதலர்களுடையது.

கடைசியில் கஸ்தாலியா. இரண்டு பாறைகளுக்கு நடுவே பிளந்த கணவாயிலிருந்து தண்ணீர் வருகிறது. குறி கேட்க வந்தவர்களும் குறி சொல்கிறவளும் இங்கே தண்ணீரில் தூய்மை செய்துகொண்ட பிறகுதான் மேலே போனார்கள். பாறையில் வெட்டிய தொட்டியும், காணிக்கை வைக்கும் மாடக்குழிகளும் உண்டு. கல் சரியும் பயத்தால் உள்ளே விடாமல் பலமுறை மூடிவைத்திருக்கிறார்கள். மூடியிருந்தால் சாலையோரத்தில் நின்றே சத்தத்தைக் கேட்டுவிட்டு ஊருக்குத் திரும்புங்கள். நாளைக்குச் சீக்கிரம் எழ வேண்டும்.

இரண்டாம் நாள் காலை: புனித வழி

வாசல் திறக்கும்போதே நிற்பது இந்த வழிகாட்டியில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விதி. ஏதென்ஸ் பேருந்துகள் வந்து சேரக் காலை பத்து மணியைத் தாண்டிவிடும். அதுவரை மலை உங்களுடையது. மெதுவாக ஏற இரண்டரை மணி நேரம் வேண்டும். கயிற்றைத் தாண்டிக் கால் வைத்தால் எங்கிருந்தோ ஒரு விசில் வரும். காவலர்களுக்குக் கண் கூர்மை.

உள்ளே போனதும் ரோமானியர் காலக் கடைவீதி. அப்புறம் பாதை கோணல்மாணலாக மேலே ஏறத் தொடங்கும். முதல் ஐம்பது மீட்டரில் வெறும் பீடங்கள்தான். பலரும் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். இங்கே நடந்தது சுத்தமான போஸ்டர் சண்டை. மாரத்தான் போரில் பாரசீகரை வென்றதற்கு ஏதென்ஸ் சிலை வரிசை வைத்தது. அதில் தளபதி மில்தியாதெஸும் உண்டு. பிறகு கி.மு. 405-ல் ஏதென்ஸ் கடற்படையை ஒழித்த ஸ்பார்ட்டா, அதே நுழைவாயிலருகே தன் கடற்படைத் தலைவர்களை வெண்கலத்தில் நிறுத்தியது. நடுவில் லிசாண்டர், அவன் தலையில் முடி சூட்டுவது சாட்சாத் கடல் தெய்வம் பொசைதோன். ஸ்பார்ட்டாவை வென்ற ஆர்க்கேடியாக்காரர்கள் வந்து அதற்கு நேர் முன்னால் தங்கள் சிலைகளை வைத்தார்கள். வெண்கலம் எல்லாம் உருக்கப்பட்டுவிட்டது. பீடத்துக் குழிகளில் சிலையின் பாதம் பதிந்த வடு மட்டும் இருக்கிறது. குனிந்து பாருங்கள், சில குழிகள் காலடி வடிவிலேயே இருக்கும்.

அடுத்து ஒவ்வொரு நகரமும் கட்டிய காணிக்கை மண்டபங்கள். சிஃப்னோஸ் ஒரு சிறு தீவு. தங்கமும் வெள்ளியும் சுரங்கத்தில் கிடைத்ததால் கி.மு. 525 வாக்கில் பெண் உருவத் தூண்கள் வைத்து ஆடம்பரமாகக் கட்டியது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு அப்பொல்லோவுக்கு என்று நேர்ந்திருந்தார்கள். பேராசையில் அதை நிறுத்தினார்கள், கடல் புகுந்து சுரங்கம் மூழ்கியது என்பது பின்னாளில் பயண எழுத்தாளர் பௌசேனியாஸ் எழுதிவைத்த கதை. இன்று அடித்தளம்தான் மிச்சம், சிற்பங்கள் அருங்காட்சியகத்தில். வளைவு திரும்பியதும் முழு உருவில் நிற்கிறது ஏதென்ஸின் மண்டபம். 1903-1906-ல் விழுந்து கிடந்த கற்களைச் சேர்த்து நிறுத்தினார்கள். செலவு ஏதென்ஸ் நகரசபையுடையது. இரண்டாயிரம் வருடம் கழித்தும் அதே நகரம் அதே இடத்தில் காசு கொடுத்திருக்கிறது.

இதற்கு மேலேதான் என் மனதுக்குப் பிடித்த இடம். கோயில் நிற்கும் மேடையைத் தாங்கும் நீண்ட சுவர். கற்கள் சதுரமல்ல, ஒவ்வொன்றும் வளைந்து நெளிந்து, பக்கத்துக் கல்லின் வளைவுக்குள் புதிர்த் துண்டு போல உட்கார்ந்திருக்கிறது. சாந்து கிடையாது. கி.மு. ஆறாம் நூற்றாண்டு வேலை. இத்தனை சரிவிலும் நடுக்கத்திலும் அது அசையவில்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது அருகில் போய் நின்றால், கல் முழுக்க எழுத்து. நகக்கண் அளவு எழுத்துகள், வரிவரியாக, இடைவெளி இல்லாமல். மொத்தம் எண்ணூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். பெரும்பாலானவை அடிமைகளை விடுவித்த பத்திரங்கள்.

பத்திரம் எழுதிய விதம் விசித்திரமானது. அடிமைக்குத் தானே சொத்து வாங்கும் உரிமை இல்லை. ஆகவே அவனை, அல்லது அவளை, எசமான் அப்பொல்லோவுக்கு விற்றதாக எழுதுவார்கள். இன்னார், இன்ன நாட்டில் பிறந்தவள், விலை இவ்வளவு வெள்ளி, சாட்சிகள் இன்னின்னார். காசு அடிமை சேர்த்துவைத்ததுதான். தெய்வம் வாங்கியதாகக் கணக்கு, வாங்கிய தெய்வம் வேலை வாங்காது, ஆக விடுதலை. ஆனால் பலவற்றில் ஒரு கொக்கியும் உண்டு: எசமான் சாகும்வரை கூடவே இருந்து ஏவல் செய்ய வேண்டும். முழு விலை வாங்கிக்கொண்டு அப்புறமும் இப்படி. மேலே கோயிலில் மன்னர்கள் சாம்ராஜ்யத்தைப் பற்றிக் குறி கேட்டார்கள். கீழே இந்தச் சுவரில்தான் சாதாரண மனிதர்களின் பெயர் இருக்கிறது. முல்லர் வெயிலில் நின்றது இந்தச் சுவருக்காக.

சுவருக்கு முன்னால் ஏதென்ஸ்காரர்களின் தூண் மண்டபம். பாரசீகரிடம் கைப்பற்றிய பொருட்களை வைத்தது. மேலே ஏறினால் மூன்று பாம்புகள் முறுக்கிய வெண்கலத் தூண். இது நகல். அசல், கி.மு. 479-ல் பிளாட்டேயாவில் பாரசீகரை வென்ற 31 நகரங்கள் சேர்ந்து வைத்தது. மேலே இருந்த தங்கத்தை டெல்ஃபியைச் சுற்றியிருந்த நாட்டாரான ஃபோக்கியர்கள் போர்ச் செலவுக்கு உருக்கிவிட்டார்கள். தூணைக் கான்ஸ்டன்டைன் பேரரசர் தன் புதுத் தலைநகருக்குக் கொண்டுபோனார். இஸ்தான்புல்லில் பழைய குதிரைப்பந்தய வெளியில் தலையில்லாமல் இன்றும் நிற்கிறது.

கோயில் வாசலில்

இப்போது நிற்கும் ஆறு தூண்கள், கி.மு. 330 வாக்கில் முடிந்த கோயிலுடையவை. அவற்றையும் இருபதாம் நூற்றாண்டில்தான் நிமிர்த்தினார்கள். முன்பக்கம் 6, பக்கவாட்டில் 15 என்று கணக்கு. அதற்கு முந்தைய கோயில் கி.மு. 373-ல் நிலநடுக்கத்தில் சரிந்தது. அதற்கும் முந்தையது கி.மு. 548-ல் எரிந்தது.

குறி கேட்கும் முறையைத் தூணடியில் நின்று நினைத்துப் பார்த்தால் படம் தெளிவாகும். மாதம் ஒரு நாள்தான், ஏழாம் தேதி. குளிர்காலம் மூன்று மாதம் நடை சாத்தியது போல. அப்பொல்லோ வடக்கே போய்விடுவார், மதுவின் தெய்வம் டயோனிசஸ் இடத்தைப் பார்த்துக்கொள்வார். முதலில் பணியாரக் காணிக்கை, அதாவது கட்டணம். அப்புறம் ஒரு ஆட்டின்மேல் குளிர்ந்த தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பு முழுக்கச் சிலிர்த்தால் தெய்வம் சம்மதம். சிலிர்க்கவில்லை என்றால் அன்றைக்குக் குறி இல்லை. ஆடு வெட்டும் ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரிசையில் முன்னால் நிற்கும் உரிமையைச் சில நகரங்கள் பெற்றிருந்தன. கோயிலுக்கு எதிரே உள்ள பெரிய பலிபீடத்தைக் கட்டிக்கொடுத்த கியோஸ் தீவுக்கு அது கிடைத்தது, பீடத்திலேயே பொறித்திருக்கிறது.

உள்ளே முக்காலியில் உட்கார்ந்து பேசியவள் பித்தியா. உள்ளூர்ப் பெண். கூட்டம் அதிகமான நாட்களில் இருவர் மாறி மாறி உட்கார்ந்தார்கள், மூன்றாமவள் காத்திருந்தாள் என்று இங்கே பூசாரியாக இருந்த புளூடார்க் எழுதியிருக்கிறார். அவர் காலத்தில் ஒருத்தியே போதுமானதாக இருந்தது, தொழில் மந்தம். லிடியா மன்னன் குரோய்சோஸ் பாரசீகத்தின்மேல் படையெடுக்கலாமா என்று கேட்டபோது, ஆற்றைத் தாண்டினால் ஒரு பெரிய சாம்ராஜ்யம் அழியும் என்று வந்தது பதில். அழிந்தது அவனுடையது. இங்கே பதில் சொன்னவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவன் 'யாருடையது?' என்று அடுத்த கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

தரைப் பிளவிலிருந்து வந்த ஆவியை முகர்ந்துதான் அவள் பேசினாள் என்பது பழைய நம்பிக்கை. தோண்டிய பிரெஞ்சுக்காரர்கள் பிளவு எதையும் காணாமல் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். 2001-ல் நிலவியலாளர்கள் சிலர், கோயிலருகே இரண்டு நிலப்பிளவுக் கோடுகள் குறுக்கிடுகின்றன, பாறையிலும் ஊற்றிலும் எத்திலீன் போன்ற வாயுக்களின் தடயம் உண்டு என்று சொன்னார்கள். அந்த அளவு யாருக்கும் மயக்கம் தராது என்று வேறு சிலர் மறுத்தார்கள். வழிகாட்டிகளில் சிலர் ஆவிக் கதையை நிரூபணமான உண்மை மாதிரி சொல்வார்கள். சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலே இரண்டு படிகள்

கோயிலுக்கு மேலே அரங்கம், 35 வரிசை, சுமார் 5,000 பேர் உட்காரலாம். மேல் வரிசைக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள்: அரங்கம், கோயில் தூண், பள்ளத்தாக்கு, எல்லாம் ஒரே கோட்டில். 1927-லும் 1930-லும் கவிஞர் சிகெலியானோஸும் அவர் மனைவி ஈவா பால்மரும் இங்கே விழா எடுத்துப் பழைய நாடகங்களை மறுபடி போட்டார்கள். அவர்கள் குடியிருந்த வீடு ஊருக்கு மேலே அருங்காட்சியகமாக இருக்கிறது.

இன்னும் ஏறினால் ஓட்டக்களம், நீளம் சுமார் 178 மீட்டர். பித்திய விளையாட்டுகள் நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடந்தன. இசைப்போட்டிதான் இங்கே மூத்தது, ஓட்டமும் தேரும் பிறகு வந்தவை. பரிசு லாரல் இலை வளையம். களத்துச் சுவரில் ஒரு கல்வெட்டு: மதுவை வெளியே கொண்டுபோகக் கூடாது, கொண்டுபோனால் 5 திராக்மா அபராதம். இங்கேயும் கல் சரியும் அபாயம் என்று பாதையை அவ்வப்போது மூடுவார்கள். மூடியிருந்தால் பெரிய நஷ்டம் இல்லை. அரங்கத்தின் மேல் வரிசைதான் உண்மையான உச்சி.

உச்சி வெயிலுக்கு அருங்காட்சியகம்

பன்னிரண்டு மணிக்கு இறங்கினால் வெளியே பேருந்துக் கூட்டம் மேலே ஏறிக்கொண்டிருக்கும். உள்ளே கூட்டம் குறைவு, குளிர்ச்சியும் உண்டு. மலையை முதலில் பார்த்ததற்குப் பலன் இங்கேதான். ஒவ்வொரு சிற்பத்தையும் காலையில் பார்த்த காலிப் பீடத்தில் மனதுக்குள் வைத்துக்கொண்டே போகலாம்.

பெண் முகமும் சிங்க உடலும் சிறகும் கொண்ட நக்சோஸ் தீவின் ஸ்ஃபிங்ஸ், சுமார் 10 மீட்டர் உயரத் தூணின்மேல் உட்கார்ந்திருந்தது. சிஃப்னோஸ் மண்டபத்துச் சிற்ப வரிசையில் ஒரு சிங்கம் அரக்கனின் இடுப்பைக் கவ்விக் கடிக்கும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். புனித வழியின் அடியில் குழியில் புதைந்து 1939-ல் கிடைத்த வெள்ளி எருதும், தந்தமும் தங்கமும் சேர்ந்த முகங்களும் தனி அறையில். நெருப்பில் கருகிய தந்த முகங்கள் பார்க்கக் கொஞ்சம் அமானுஷ்யம். ஏதென்ஸ் மண்டபத்துச் சுவரிலிருந்து எடுத்த இரண்டு கற்களில் அப்பொல்லோ துதிகள் இருக்கின்றன. கி.மு. 128-ஐச் சேர்ந்தவை. பாட்டு வரிக்கு மேலே சின்னச் சின்னக் குறிகள் தெரியும். அவை ஸ்வரக் குறிப்பு. இன்றைக்கும் பாடிக் காட்டுகிறார்கள்.

கடைசி அறைக்குத் தேரோட்டி. 1896-ல் துண்டுகளாகக் கிடைத்த வெண்கலச் சிலை, உயரம் 1.80 மீட்டர். சிசிலித் தீவின் கேலா நகரத்து ஆட்சியாளன் போலிசாலோஸ், கி.மு. 470-களில் தேர்ப்பந்தய வெற்றிக்கு வைத்த காணிக்கை. தேரும் குதிரைகளும் போய்விட்டன. சில குதிரைக்கால்களும் கடிவாளமும் மிச்சம். முதலில் தூரத்திலிருந்து பாருங்கள்: நெஞ்சிலிருந்து பாதம்வரை அங்கி நேர்க்கோடாக விழுந்து தூண் போலிருக்கும். அப்புறம் கிட்டே போய்க் கண்ணைப் பாருங்கள். கண்மணியைத் தனியாகப் பதித்திருக்கிறார்கள். இமைமயிர் ஒவ்வொன்றும் மெல்லிய செம்புத் தகட்டில் வெட்டியது, இன்னும் உதிரவில்லை. உதட்டுக்குச் செம்பு, தலைப்பட்டைக்கு வெள்ளி. பிறகு பாதத்தைப் பாருங்கள். நரம்பும் நகமும் அத்தனை துல்லியம். தேர்த்தட்டு மறைத்திருக்கும், யாரும் பார்த்திருக்கவே முடியாத பாதம்.

நீரோ மன்னர் மட்டும் இங்கிருந்து 500 சிலைகளை அள்ளினார் என்கிறார் பௌசேனியாஸ். இந்தத் தேரோட்டி தப்பியதற்குக் காரணம், கி.மு. 373-ல் கோயிலைச் சாய்த்த அதே நிலநடுக்கத்தின் மண்சரிவு இவனையும் மூடிவிட்டது. மேலே எல்லோரும் உருக்கிக்கொண்டும் தூக்கிக்கொண்டும் போனபோது இவன் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தான். பிறகு அதன்மேல் காஸ்த்ரி வீடு கட்டியது.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால்

நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்குக் கோரிகியக் குகை. ஊருக்கு மேலே பழைய வளைவுப்பாதை பாறை விளிம்பில் ஏறிப் பீடபூமிக்குப் போகும். குகை சுமார் 1,360 மீட்டர் உயரத்தில். பான் தெய்வத்துக்கும் வனதேவதைகளுக்கும் உரியது. 1970-களில் தோண்டியபோது இருபதாயிரத்துக்கும் மேல் கணுக்கால் எலும்புகள் கிடைத்தன. ஆடுகளின் எலும்பு; தாயக்கட்டை மாதிரி உருட்டி விளையாடவும் பலன் பார்க்கவும் பயன்பட்டவை. டார்ச் லைட் எடுத்துப் போங்கள், உள்ளே ஈரமும் வழுக்கலும். ஏற மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். இறங்கும் வழி முழங்காலைப் பதம் பார்க்கும், ஒரு கம்பு நல்லது. காரில் என்றால் அராஹோவா வழியாகப் போய்க் கடைசிக் கொஞ்சம் மட்டும் நடக்கலாம்.

ஏற விருப்பமில்லை என்றால் இறங்குங்கள். ஊரிலிருந்து ஹ்ரிஸ்ஸோ கிராமம் வழியாக ஒலிவத் தோப்புக்குள் ஒரு பாதை கடற்கரைக்குப் போகிறது. கப்பலில் வந்தவர்கள் கிர்ரா துறையில் இறங்கி ஏறிய சரிவு அது. காலையில் இறங்கத் தொடங்கினால் மதியம் இத்தேயாவில் கடலைப் பார்த்து மீன் சாப்பிடலாம். திரும்ப ஏற வேண்டாம். அங்கிருந்து பேருந்து உண்டு, நேரத்தை முதல் நாளே கேட்டுவையுங்கள்.